கரையானை ஒழிப்பதா, பயிரைக் காப்பதா?

கோதுமையும் மக்காச்சோளமும் விளையும் மேட்டு நிலங்களில் கரையான் செய்யும் சேதத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், வேளாண்மைத் துறையினரும் மருந்துக் கடைக்காரரும் ஆராய்ச்சியாளரிற் பெரும்பாலோரும் ஒரே குரலிற் சொல்லும் அபிப்பிராயம் ஒன்றுண்டு. கரையான் தனித்து வாழும் பூச்சியன்று, அது ஒரு சமூகம். அரசி உயிரோடிருக்கும் வரையில் அந்தச் சமூகம் அழியாது. பூச்சிகளைக் கொல்லும் நூற்புழுக்கள் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டிலே கரையானைக் கொன்றது மெய்யே ஆயினும், நிலத்திலே விட்டபோது அவற்றால் புற்றை அழிக்க முடியவில்லை. ஆகவே அது பரீட்சித்துப் பார்த்துக் கைவிடப்பட்ட முறை. நஞ்சைத் தவிர வேறு கதியில்லை என்பதே அந்த அபிப்பிராயம். இந்த வாதத்தின் படிகள் பெரும்பாலும் உண்மையானவை. அவற்றின் மீது ஏறிச் சென்று அடைந்திருக்கும் முடிவு மட்டும் பிழையானது. அந்தப் பிழையின் பலனைத் தானியம் விளைவிப்போர் பலர் இன்றுவரை அனுபவித்து வருகின்றனர் என்பதனாலேயே இதனை விரிவாக மறுக்க வேண்டியிருக்கிறது.

நூற்புழு என்றவுடன், தக்காளி வேரில் முடிச்சுகளையும் வாழை வேரில் அழுகலையும் உண்டாக்கும் சத்துருவை நினைத்துக்கொள்ளும் குடியானவருக்கு, இங்கே பேசப்படுவது அந்த இனமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஸ்டைனர்நீமா, ஹெட்டெரோராப்டிடிஸ் என்னும் பேரினங்களைச் சேர்ந்த இவை பயிரின் வேரைத் தொடுவதில்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான இவற்றின் இளம்பருவம் ஒன்று, எதையும் உண்ணாமல், மண் துகள்களைச் சூழ்ந்த நீர்ப்படலத்திலே வாரக்கணக்கிலும் சில வேளை மாதக்கணக்கிலும் ஒரு பூச்சியின் வரவை எதிர்நோக்கிக் கிடக்கும். பூச்சி அகப்பட்டதும் அதன் வாய், மலவாய், சுவாசத் துளைகள் ஆகியவற்றில் ஏதேனும் ஒரு வழியாக உட்புகுந்து, தன் குடலிலே சுமந்து வந்த பாக்டீரியாக்களை அதன் இரத்தத்திலே விட்டுவிடுகிறது; ஓரிரு நாட்களுக்குள் பூச்சி இறந்துபோகிறது. ஹெட்டெரோராப்டிடிஸ் புகுந்த உடல் செங்கல் நிறமாகச் சிவந்து, இருட்டிலே மெல்லிய ஒளியும் வீசும். அந்த பாக்டீரியா சுரக்கும் பொருள்கள் பிற கிருமிகளை அண்டவிடாமற் செய்வதோடு, பிணத்தைத் தின்ன வரும் எறும்புகளையும் விலக்கி வைக்கின்றன. அவ்வாறு காக்கப்பட்ட உடலுக்குள்ளே நூற்புழு பல்கிப் பெருகி, அதன் புதிய தலைமுறை மண்ணுக்குத் திரும்புகிறது. இயற்கையில் இவ்வளவு நுட்பமான கூட்டுறவைக் காண்பது அரிது.

இதனைப் பயிர்ப் பாதுகாப்புக்குப் பயன்படுத்தலாம் என்னும் எண்ணம் புதியதன்று. 1929-ல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்தில் ஜப்பானிய வண்டின் புழுக்களில் இத்தகைய நூற்புழு ஒன்று காணப்பட்டது; ருடால்ப் கிளேசர் என்ற விஞ்ஞானி அதனைச் செயற்கை உணவில் வளர்க்கும் வழியைக் கண்டுபிடித்து, நிலங்களில் இட்டும் பார்த்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் மலிவாக வந்து குவிந்த டி.டி.டி. முதலிய மருந்துகளின் வெள்ளத்திலே அம்முயற்சி பின்தள்ளப்பட்டு, மருந்துகளின் தீமை வெளிப்பட்ட பிறகே மீண்டும் நினைவுக்கு வந்தது. கரையான் மீது நூற்புழுவை ஏவும் ஆராய்ச்சிகள் 1970-களிலும் 1980-களிலும் பெருகின. ஆய்வுக்கூடத்தில் வெற்றியும் வெளியில் ஏமாற்றமுமாக அவை முடிந்தன. 2011-ல் தாமஸ் சூவென்க், நான்-யாவ் சூ, கென்னத் கிரேஸ் ஆகிய மூவர், உயிரிகளைக் கொண்டு கரையானைக் கட்டுப்படுத்த ஐம்பது ஆண்டுகளாக நடந்த முயற்சிகள் அனைத்தையும் ஆராய்ந்து, அவற்றைத் தோல்வி என்றே தீர்ப்பளித்தனர். கரையான்கள் ஒன்றையொன்று நக்கித் துப்புரவு செய்துகொள்வதும், நோயுற்றதைத் தின்றுவிடுவதும், இறந்ததை மண்ணால் மூடிச் சுவரெழுப்பிப் பிரித்துவிடுவதும், ஆபத்துள்ள பாதையைக் கைவிட்டு வேறு வழி தோண்டுவதும் கண்ணாடித் தட்டிலே வெளிப்படுவதில்லை என்றும், வெற்றியாக முடிந்த சோதனைகள் மட்டுமே அச்சேறுவதால் நம்பிக்கை மிதமிஞ்சிப் போயிற்று என்றும் அவர்கள் எடுத்துக் காட்டினர். இவற்றுள் ஒன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. அவர்களுடைய கண்டனம் நேர்மையானது, அவசியமாகவும் இருந்தது.

ஆயினும், அந்தத் தீர்ப்பு எந்த வழக்கிலே சொல்லப்பட்டது என்பதை அதனை எடுத்தாளுவோர் கேட்பதில்லை. கரையான் ஆராய்ச்சிக்கு அமெரிக்காவிலும் பிற செல்வ நாடுகளிலும் பணம் கிடைப்பது மரவீடுகளைக் காப்பதற்காக. அங்கே ஆராயப்பட்டவை பெரும்பாலும் ரெட்டிகுலிடெர்மெஸ், காப்டோடெர்மெஸ் முதலிய, மரத்தை அரித்து வாழும் இனங்கள். வீட்டின் உத்திரத்தைப் பல்லாண்டு காக்க விரும்புகிறவனுக்குப் புற்று முழுவதும் அழிந்தால்தான் நிம்மதி. ஒரு மூலையிலிருந்து விரட்டப்பட்ட கரையான் மறு மூலையிலே புகுமானால் அவனுக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. ஆகவே அந்த ஆராய்ச்சிகளின் அளவுகோல் புற்றின் பூரண நாசமாக இருந்தது. ஆனால் இந்தியாவின் கோதுமையையும் ஆப்பிரிக்காவின் மக்காச்சோளத்தையும் தாக்குபவை ஒடோன்டோடெர்மெஸ், மைக்ரோடெர்மெஸ், மேக்ரோடெர்மெஸ் முதலிய, நிலத்தடியிலே காளான் தோட்டம் வளர்த்து உண்ணும் இனங்கள். அவற்றால் தாக்கப்படுவது பல்லாண்டு நிற்க வேண்டிய உத்திரமன்று. நான்கைந்து மாதங்களில் அறுவடையாகிவிடும் பயிர். வீட்டுக்காரனுடைய அளவுகோலைக் கொண்டுவந்து வயலிலே நட்டு, அதன் உயரத்துக்கு எட்டாத எல்லாவற்றையும் தோல்வி என்று எழுதிவைத்ததே இந்தச் சித்தாந்தத்தின் மூலப் பிழை.

அந்த அளவுகோல் நியாயமானதென்றே வைத்துக்கொண்டாலும், அதனை எல்லோருக்கும் ஒன்றாகப் பிடிக்க வேண்டாமா? வட இந்தியாவிலே கோதுமை விதையை, கிலோவுக்குச் சில மில்லி குளோர்பைரிபாஸ் கலந்து விதைக்கும்படி நெடுங்காலமாகச் சிபாரிசு செய்யப்பட்டு வருகிறது. விதையைச் சுற்றியுள்ள சிறிதளவு மண்ணை அந்த மருந்து சில வாரங்களுக்குக் கரையானுக்கு ஆகாததாக்குகிறது, அவ்வளவே. ஆழத்திலுள்ள அரசியை அது தொடுவதில்லை. காளான் தோட்டத்தை எட்டுவதில்லை. அடுத்த பருவத்திலே அதே வயலில் அதே கரையான் மீண்டும் வருகிறது, விவசாயியும் அதே மருந்தை மீண்டும் வாங்குகிறார். புற்றை அழிக்காத இந்த நஞ்சுக்கு வெற்றி என்று பெயர்; புற்றை அழிக்காத நூற்புழுவுக்குத் தோல்வி என்று பெயர். நஞ்சை மதிப்பிடும்போது நிற்கும் பயிரை எண்ணுகிறவர்கள் நூற்புழுவை மதிப்பிடும்போது மட்டும் செத்த கரையானை எண்ணுவது எந்த நியாய சாஸ்திரத்தில் இருக்கிறது? அந்த நஞ்சின் யோக்கியதையோ உலகறிந்தது. இதற்கு முன்னே கரையானுக்கென்று மண்ணிலே கொட்டப்பட்ட ஆல்ட்ரின், டையல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் என்னும் நான்கும் 2001-ல் உருவான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் முதற் பட்டியலிலேயே இடம்பெற்று ஒழிக்கப்பட்டன. அவற்றின் இடத்துக்கு வந்த குளோர்பைரிபாஸுக்குக் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கு ஏற்படும் கேட்டை முன்னிட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் அனுமதியை நீட்டிக்க மறுத்துவிட்டது. 2025-ல் அதுவும் ஸ்டாக்ஹோம் பட்டியலில், சில விதிவிலக்குகளோடு, சேர்க்கப்பட்டுவிட்டது. ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு நஞ்சை இறுதித் தீர்வு என்று கொண்டாடி, அடுத்த தலைமுறையில் அதனைத் தடைசெய்யும் இந்த ஓட்டத்தைத்தான் நடைமுறை அறிவு என்று நமக்குச் சொல்கிறார்கள்.

கோதுமை விளைவிப்பவருக்கு உண்மையில் வேண்டியது என்ன? ராஜஸ்தான், ஹரியானா முதலிய பகுதிகளின் மணற்பாங்கான நிலங்களில் நவம்பர் மாதத்திலே விதைத்த கோதுமையைக் கரையான் இரண்டு காலங்களில் தாக்குகிறது. ஒன்று, முளைத்துச் சில வாரங்களுக்குள். மற்றொன்று, கதிர் முற்றும் தறுவாயில். முதற் பருவத்தில் தாக்கப்பட்ட நாற்று வாடிக் காய்ந்து, பிடித்து இழுத்தவுடன் கையோடு வந்துவிடும். பிற்பருவத்தில் தாக்கப்பட்டது மணியில்லாத வெண்கதிராக நிற்கும். முதற் தாக்குதலால் பயிர் திட்டுத் திட்டாக அழிந்து, அந்த வெற்றிடத்தைப் பின்னர் எதனாலும் நிரப்ப முடியாமற் போகிறது. விதைத்த 21-ஆம் நாள் அளவில், தண்டின் அடியிலிருந்து புதிய வேர்கள் தோன்றும் பருவத்தில், முதல் நீர் பாய்ச்சுவது அங்கே வழக்கம். ஆகவே நூற்புழுவுக்கு இன்றியமையாதனவான ஈரமும் மிதமான குளிர்ச்சியும், பயிருக்குப் பாதுகாப்பு மிகவும் தேவைப்படுகிற அதே வாரங்களிலே, விவசாயியின் தனிச் செலவின்றிக் கிடைத்துவிடுகின்றன. அந்தச் சில வாரங்களுக்கு வேர் மண்டலத்திலே நூற்புழு அடர்ந்திருக்குமானால் போதும். அதற்குப் பிறகு அது குறைந்து போவதைப் பற்றி வருந்த வேண்டியதில்லை.

இவ்விடத்தில்தான் எதிர்க்கட்சியாரின் வலுவான ஆயுதம் அவர்களுக்கே எதிராகத் திரும்புகிறது. கரையான் நூற்புழு மிகுந்த மண்ணை உணர்ந்து விலகிப் போய்விடுகிறது என்பதும், இடையிலே சுவரெழுப்பிக்கொண்டு அப்பாற் சென்றுவிடுகிறது என்பதும் நூற்புழுவின் குறைகளாகச் சொல்லப்படுகின்றன. வீட்டின் அடித்தளத்தில் அது குறைதான். ஆனால், நாற்றின் வேரைச் சுற்றியுள்ள மண்ணைக் கரையான் சில வாரங்களுக்கு வெறுத்து ஒதுக்கி, வரப்போரத்துச் சருகையும் முன்பருவத்துத் தாளையும் தின்னப் போய்விடுமானால், விவசாயிக்கு அதைவிட நல்ல செய்தி வேறென்ன இருக்கிறது? அரசி தன் அறையிலே சுகமாக இருக்கட்டும். அவளோடு குடியானவருக்கு வழக்கில்லை.

தானியப் பயிரிலே நூற்புழு நிலைத்துப் பலன் தராது என்று பொதுப்பட வாதிப்பவர்கள், ஐரோப்பாவின் மக்காச்சோள வயல்களைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து அங்கே புகுந்து பரவிய வேர்ப்புழு வண்டின் மீது, விதைப்பின்போதே வரிசையோடு வரிசையாக ஹெட்டெரோராப்டிடிஸ் இனத்தை இட்டு ஹங்கேரி முதலிய நாடுகளில் நடத்திய வயற் சோதனைகள் வேரைக் காப்பதில் மருந்துகளோடு ஒப்பிடத்தக்க பலனைத் தந்து, அம்முறை வாணிபமாகவே உருவெடுத்திருக்கிறது. அங்கே எவரும் அந்த வண்டினம் ஹங்கேரியிலிருந்து ஒழிந்ததா என்று கேட்கவில்லை. வேர் தப்பியதா, பயிர் சாயாமல் நின்றதா என்றே கேட்டார்கள். இன்னொரு விந்தையும் அந்த ஆராய்ச்சியின் வழியே தெரியவந்தது. புழுவால் கடிபட்ட மக்காச்சோள வேர் ஒருவகை வாசனைப் பொருளை மண்ணிலே வெளியிட, அதனை முகர்ந்து நூற்புழுக்கள் அவ்வேரை நாடி வருகின்றன என்று 2005-ல் சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் நிலைநாட்டினர். மக்காச்சோளத்தின் காட்டு மூதாதைக்கும் ஐரோப்பிய ரகங்களுக்கும் இருக்கும் இந்தச் சக்தி, வட அமெரிக்க ரகங்கள் பெரும்பாலானவற்றில் அற்றுப் போயிருக்கிறது. விளைச்சல் ஒன்றையே நோக்கித் தேர்ந்தெடுத்து வந்ததிலே, வேருக்குத் துணையை அழைக்கும் குரல் எவர் கவனத்துக்கும் வராமல் இழக்கப்பட்டுவிட்டது. வேர்ப்புழு வேறு, கரையான் வேறு என்பதை நான் அறிவேன். சமூகமாக வாழும் பூச்சியின் தற்காப்பு வேர்ப்புழுவுக்கு இல்லை. ஆயினும், தானியப் பயிரின் வேரும் நூற்புழுவும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை என்ற எண்ணத்துக்கு இதற்குப் பின்னர் இடமில்லை.

உஷ்ண நாட்டிலே இது ஆகாது என்பது மற்றோர் ஆட்சேபம். குளிர்நாடுகளில் எடுத்த இனங்களைப் புட்டியிலே கொண்டுவந்து நம் வெயிலிலே தெளித்துவிட்டு, அவை மடிந்ததும் நூற்புழு முழுவதுமே பயனற்றது என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. ஆனால் ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா என்று 1992-ல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமான இனம் கோயம்புத்தூரில் கண்டெடுக்கப்பட்டதே. நம் மண்ணின் சூட்டுக்குப் பழகிய இனம் அது. பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் அதனைத் தூள் வடிவிலே ஆக்கி, கரும்பிலும் கமுகிலும் வேர்ப்புழுவுக்கு எதிராகப் பரப்பி வருகிறது. வயல் எங்கேயோ அங்கேயே எடுத்த இனத்தைக் கொண்டு சோதனை செய்யாத வரையில், வெப்பத்தைக் காரணம் காட்டுவது சோம்பலுக்குச் சொல்லும் சமாதானமாகவே இருக்கும்.

இதுவரை சொன்னது, கரையானை ஒழிக்க வேண்டிய அவசியமில்லை என்பது. ஒழிப்பதே கேடு என்பதை இனிச் சொல்ல வேண்டும். இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவதும் அதுவே. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை நிலங்களில் செய்த ஒரு பரிசோதனையில், மருந்திட்டு எறும்பையும் கரையானையும் நீக்கிய வயல்களைவிட அவற்றை இருக்கவிட்ட வயல்கள் 36 விழுக்காடு மிகுதியாக விளைந்தன என்ற செய்தி 2011-ல் வெளிவந்தது. அவை தோண்டிய வளைகளின் வழியே மழைநீர் ஆழமாக இறங்கியதும், மண்ணில் நைட்ரஜன் கூடியதுமே அதற்குக் காரணங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா பாசோ நாட்டிலே, வறட்சியால் பாறைபோல் இறுகிக் கிடந்த நிலங்களில் சிறு குழிகள் வெட்டி, அவற்றில் எருவும் குப்பையும் இட்டு, அந்தக் குப்பைக்கென்று வரும் கரையானைக் கொண்டே மண்ணைத் துளைத்து இளக்கி, அக்குழிகளில் சோளமும் கம்பும் விளைவிக்கும் ஸாய் என்னும் பழைய முறையை யாகூபா சவாடோகோ என்ற குடியானவர் திருத்திப் புதுப்பித்துப் பரப்பினார். எழுத்தறிவுக்கு அதிக வாய்ப்பில்லாத அம்மனிதர் கரையானைத் தம் வயலுக்குக் கூலியில்லா வேலையாளாக அழைத்துக்கொண்டதை உலகம் பின்னர் வியந்து பாராட்டியது. இத்தகைய பூச்சியை நிலத்தினின்று அடியோடு ஒழித்துவிட்ட நாளில், மண் இறுகி, மழைநீர் வழிந்தோடி, தாளும் சருகும் மக்காமற் கிடக்க, அந்த நஷ்டத்தை ஈடுகட்ட மீண்டும் கடைக்கே போக வேண்டியிருக்கும். பயிரைக் கெடுக்கும் கரையான், மண்ணை இளக்கும் கரையான் என்ற பாகுபாட்டை நஞ்சு அறியாது. நூற்புழுவின் வேகம் அளவானது, காலம் குறுகியது, இட்ட இடத்தைவிட்டு வெகுதூரம் அது போவதுமில்லை. குறையென்று இகழப்பட்ட இந்த மூன்றுமே, பயிரின் காலடியில் மட்டும் கரையானைத் தடுத்து மற்ற இடத்தில் அதனை வாழவிடும் தகுதியை அதற்குத் தருகின்றன.

நூற்புழுவின் சார்பிலே பேசுவோரில் சிலரும் இந்தத் தவறான சித்தாந்தத்துக்குத் துணைபோயிருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். ஒரு பொட்டலம் கரைத்து ஊற்றினால் தொற்று நோயாகப் பரவி அரசி வரை மடியும் என்று விளம்பரம் செய்து விற்பவர்கள், எதிரிகளின் அளவுகோலையே தாமும் ஏற்றுக்கொண்டு, நிறைவேற்ற முடியாத வாக்கைக் கொடுக்கிறார்கள். கரையானின் சின்னஞ்சிறு உடலிலே நூற்புழு பெருகுவது சொற்பம். இறந்த உடலைக் கூட்டம் உடனே அப்புறப்படுத்திவிடுவதால் அதுவும் பரவ வழியில்லை. இலங்கையில் தேயிலைச் செடியின் உயிருள்ள கட்டைக்குள்ளே வாழும் கிளிப்டோடெர்மெஸ் என்னும் கரையானை ஹெட்டெரோராப்டிடிஸ் கொண்டு செடிக்குள்ளேயே அழித்துக் காட்டிய ஆய்வு 1987-ல் வெளியாயிற்று. ஆனால் அங்கே குடும்பம் முழுவதும் ஈரமுள்ள ஒரே கட்டைக்குள் அடைந்து கிடக்கிறது, நூற்புழுவுக்கும் அதற்கும் இடையே தூரமில்லை. அந்த வெற்றியைக் காட்டி, ஆழத்திலே பரந்து கிடக்கும் மைக்ரோடெர்மெஸ் அறைகளுக்கும் அதுவே நடக்கும் என்று சொல்வது விவசாயியை வஞ்சிப்பதாகும்.

கதிர் முற்றும் காலத்தில் நேரும் இரண்டாம் தாக்குதலுக்கும் நூற்புழுவை நம்பியிருக்க முடியாது. அப்போது மண் காய்ந்து, வெயிலும் ஏறிவிடுகிறது. அதற்கு வேறு உபாயங்கள் வேண்டும். மக்காத எருவை வயலில் இடாதிருப்பது அவற்றுள் எளியது. உகாண்டாவில் மக்காச்சோளத்தினிடையே பயறு வகைகளை ஊடுபயிராக இட்டபோது கரையானை வேட்டையாடும் எறும்புகள் வயலிலே பெருகி, சேதம் குறைந்தது என்று 2003-ல் வெளியான ஆய்வு காட்டுகிறது. பூட்டை வெளிவந்தபின் தண்டடியை அரித்துப் பயிரைச் சாய்க்கும் ஆப்பிரிக்கக் கரையானுக்கு அது பொருத்தமான துணை. ஒரே மருந்து எல்லாக் காலத்துக்கும் வேண்டும் என்று கேட்கும் பழக்கம் நஞ்சு நமக்குக் கற்றுக்கொடுத்தது. அதை விட்டொழித்தால் இந்தக் குறை பெரிதாகத் தோன்றாது.

எஞ்சி நிற்பது செலவு. ஹெக்டேருக்கு 250 கோடி நூற்புழு என்பது வழக்கமான அளவு. கோதுமை போன்ற மலிவான தானியத்துக்கு அது கட்டுபடியாகாது என்கிறார்கள். நிலம் முழுவதும் தெளிப்பதானால் ஆகாதுதான். ஆனால் கரையான் நிலம் முழுவதையும் தாக்குவதில்லை. ஆண்டுதோறும் எந்தத் திட்டுகளில் அது தோன்றுகிறது என்பதை உழுபவர் நன்றாக அறிவார். அந்தத் திட்டுகளில் மட்டும், விதை வரிசையோடு, முதல் நீரோடு இடுவதற்கு வேண்டிய அளவு மிகச் சிறியது. தேனடையைத் தின்னும் மெழுகு அந்துப்பூச்சியின் புழு ஒன்றிலே லட்சத்துக்கு மேற்பட்ட நூற்புழுக்கள் உண்டாகின்றன. இறந்த அந்தப் புழுக்களையே மண்ணிலே புதைத்துவிடுவதும் நடைமுறையில் உள்ள முறை. பெரிய யந்திரசாலை ஏதுமின்றிக் கிராமத்துக் குழுவொன்று செய்யக்கூடிய வேலை அது.

ஆதலால் பல்கலைக்கழகங்களிடமும் ஆராய்ச்சி நிலையங்களிடமும் கேட்க வேண்டியது இதுதான். ராஜஸ்தானத்துக் கோதுமைத் திட்டுகளிலும் கிழக்கு ஆப்பிரிக்காவின் மக்காச்சோளத்திலும், அந்தந்த மண்ணிலே எடுத்த இனங்களைக் கொண்டு, ஒன்றும் இடாத பாத்தி, மருந்திட்ட விதை விதைத்த பாத்தி, நூற்புழு இட்ட பாத்தி என்று பிரித்து, தொடர்ந்து சில ஆண்டுகள் சோதித்துப் பார்க்கட்டும். முப்பதாம் நாளில் நிற்கும் நாற்றுகளையும் அறுவடையிலே மணி பிடித்த கதிர்களையும் எண்ணட்டும். அடுத்த மழையில் ஒவ்வொரு பாத்தியும் எவ்வளவு நீரை உள்வாங்கிற்று என்பதையும் அளக்கட்டும். 2011-ஆம் ஆண்டுக் கண்டனத்தில் சொன்னபடி, நூற்புழு பலன் தராத வயல்களின் கணக்கும் பலன் தந்த வயல்களின் கணக்கோடு சேர்ந்தே அச்சாகட்டும்.